முதல் உலகப் போரில் இத்தாலி: 'கோழைப் படை' என்ற பேச்சு சரிதானா?

#1 வைகைக்கரை

போன வாரம் வேறொரு இழையில் ஒரு நண்பர், "இத்தாலிக்காரனுக்குப் போர் என்றால் கையைத் தூக்கத்தான் தெரியும்" என்று எழுதியிருந்தார். அதற்கு விழுந்த விருப்பக்குறிகளைப் பார்த்து எனக்கு மனசே ஆறவில்லை. அங்கேயே பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போனது. அதனால்தான் இந்தத் தனி இழை. பொறுமையாகப் படியுங்கள், தவறு இருந்தால் திருத்துங்கள்.

நான் பேசப்போவது முதல் உலகப் போரைப் பற்றி. 1914 ஆகஸ்டில் ஐரோப்பா பற்றி எரிந்தபோது இத்தாலி ஒதுங்கி நின்றது. ஜெர்மனியோடும் ஆஸ்திரியா-ஹங்கேரியோடும் 1882 முதல் உடன்படிக்கை இருந்தும் சேரவில்லை. நாடாளுமன்றத்தில் பெரும்பான்மையோர், திருச்சபை, சோஷலிஸ்டுகள் எல்லாருமே போர் வேண்டாம் என்ற பக்கம் இருந்தார்கள். ஆனால் பிரதமர் சலாந்திராவும் வெளியுறவு அமைச்சர் சொன்னினோவும் 1915 ஏப்ரல் 26-இல் லண்டனில் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யாவோடு ரகசியமாக ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். போரில் இறங்கினால் ஆஸ்திரியா கையில் இருந்த திரெந்தினோவும் ட்ரியெஸ்தேயும் டால்மேஷியக் கரையில் ஒரு பகுதியும் கிடைக்கும் என்று பேச்சு. நாடாளுமன்றத்துக்கே அது தெரியாது. ஒரு மாதம் முடிவதற்குள், மே 24 அன்று, துருப்புகள் எல்லையைத் தாண்டிவிட்டன.

அந்தத் துருப்புகளில் பெரும்பகுதி விவசாயிகள். கலாப்ரியாவிலிருந்தும் சிசிலியிலிருந்தும் வந்த பையன்கள் பலருக்கு ஆல்ப்ஸ் மலை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. 1911 கணக்கெடுப்பின்படி நாட்டில் 100 பேருக்கு 38 பேர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், தெற்கே இன்னும் அதிகம். அதிகாரி பேசிய இத்தாலிய மொழி சிப்பாய்க்குப் பாதிதான் புரிந்தது. அவன் வீட்டில் பேசியது வேறு.

இவர்களை இசொன்ஸோ ஆற்றங்கரையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எதிரே மேட்டில் ஆஸ்திரியர்கள். ஆற்றுக்குக் கிழக்கே கார்ஸோ என்று ஒரு சுண்ணாம்புப் பாறைப் பீடபூமி. பதுங்குகுழி வெட்ட அங்கே மண் கிடையாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது. பீரங்கிக் குண்டு விழுந்தால் இரும்புச் சில்லோடு பாறைச் சில்லும் சேர்ந்து பறக்கும். கண் போனவர்கள் ஏராளம். முதல் கோடையில் தலைக்கு இரும்புத் தொப்பிகூட இல்லை. 1915 ஜூனிலிருந்து 1917 செப்டம்பர் வரை இந்த மேட்டில் 11 பெரும் தாக்குதல்கள் நடந்தன. கைக்கு வந்த பெரிய ஊர் கொரீஸியா ஒன்றுதான், 1916 ஆகஸ்டில். கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்த ட்ரியெஸ்தேயைக் கடைசி வாரம் வரை தொடவே முடியவில்லை.

பதினோரு முறை அந்தப் பாறை மேட்டில் ஏறியவர்களை என்னால் கோழை என்று சொல்ல முடியாது. எதிரே இருந்த துப்பாக்கியை அவர்கள் தாங்கினார்கள். முதுகுக்குப் பின்னால் சொந்த அரசே அவர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தது. அதிகம் வதைத்தது அதுதான் என்பது என் கருத்து. மற்றவர்கள் சொல்லுங்கள்.

#2 மலைநாடன்

நல்ல இழை, வைகைக்கரை. அந்தக் கேலி எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் நீங்கள் தராசை மறுபக்கம் ரொம்பச் சாய்க்கிறீர்கள் என்று படுகிறது.

முதல் விஷயம், முட்டிமோதிய தாக்குதல் இத்தாலிக்கு மட்டும் உரியதல்ல. பிரெஞ்சுக்காரரும் பிரிட்டிஷாரும் ஜெர்மானியரும் அதையேதான் செய்தார்கள். தலைமைத் தளபதி லூயிஜி கதோர்னாவுக்குக் கிடைத்த போர்முனை எல்லாவற்றிலும் மோசமானது. சுவிஸ் எல்லையிலிருந்து கடல் வரை 600 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி பனிமலை. திறந்த வழி என்றால் இசொன்ஸோ பக்கம்தான். வேறு எங்கே தாக்கியிருப்பார்?

இரண்டாவது, எண்களைப் பாருங்கள். போர்க்காலத்தில் ராணுவ நீதி இயந்திரத்தின் முன் வந்த வழக்குகள் 8,70,000. கபொரெத்தோவில் சில நாட்களில் பிடிபட்டவர்கள் கிட்டத்தட்ட 3 லட்சம். இதை எல்லாம் எப்படி விளக்குவீர்கள்?

#3 வைகைக்கரை

மலைநாடன், அந்த 8,70,000-ஐப் பிரித்துப் பாருங்கள். 4,70,000 வழக்குகள் ஆள்சேர்ப்புக்கு வராததற்காகப் போட்டவை. அதிலும் 3,70,000 பேர் வெளிநாட்டில் பிழைக்கப் போனவர்கள். அர்ஜென்டினாவிலும் அமெரிக்காவிலும் கூலி வேலை செய்துகொண்டிருந்தவன் கப்பல் ஏறி வரவில்லை என்றால் அவன் பெயரில் ஒரு வழக்கு. அதே நேரம் சொந்தச் செலவையும் வேலையையும் பார்க்காமல் கடல் தாண்டித் திரும்பி வந்து பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் 3 லட்சம் பேர். அதையும் சொல்ல வேண்டும் இல்லையா?

மீதி 4 லட்சம் சீருடையில் இருந்தவர்கள் மேல் போட்ட வழக்குகள். அதில் லீவில் போய் அறுவடைக்காக நாலு நாள் தாமதமாகத் திரும்பியவனும் உண்டு, வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் போரைத் திட்டியவனும் உண்டு. 4,000-க்கும் மேல் மரண தண்டனைகள் விதிக்கப்பட்டன, ஏறத்தாழ 750 நிறைவேற்றப்பட்டன. பல நாட்டுப் படைகள் இதைவிடப் பெரியவை. ஆனால் மேற்கு முனையில் இவ்வளவு பேரைச் சுட்ட படை கிடையாது. விசாரணையே இல்லாமல் சுட்டது தனிக் கணக்கு.

கதோர்னாவுக்கு வேறு வழி இல்லை என்கிறீர்கள். தாக்கும் இடத்தைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1915 செப்டம்பர் 28 தேதியிட்ட அவருடைய சுற்றறிக்கையை எதிரி எழுதவில்லை. சரணடையவோ பின்வாங்கவோ பார்ப்பவன் பின்வரிசையிலிருந்தோ காவல் படையிடமிருந்தோ வரும் குண்டுக்கு இரையாவான் என்று அதில் தெளிவாக இருக்கிறது. 1916 நவம்பரில் இன்னொன்று வந்தது. குற்றவாளி யார் என்று தெரியாவிட்டால் சீட்டுக் குலுக்கிப் போட்டுச் சுடலாம்.

அது காகிதத்தோடு நிற்கவில்லை. 1917 ஜூலை நடுவில் சாந்தா மரியா லா லோங்கா என்ற ஊரில் கதன்சாரோ படைப்பிரிவு ஓய்வுக்கு வந்திருந்தது. கார்ஸோவில் மாதக்கணக்காகக் கிடந்து வந்தவர்கள். ஓய்வு முடிவதற்குள் மறுபடியும் மேலே போகச் சொல்லி உத்தரவு வந்தது. அன்று ராத்திரி கலகம் வெடித்தது. விடிந்ததும் 28 பேரைச் சுட்டார்கள். 16 பேர் சுட்ட சூடு ஆறாத துப்பாக்கியோடு பிடிபட்டவர்கள். 12 பேரைப் பத்துக்கு ஒன்று என்று சீட்டுப் போட்டு எடுத்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

#4 பழையதபால்

நான் போர்க்கால அஞ்சல் அட்டைகள் சேர்ப்பவன். அந்த ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

போர் நடந்த காலத்தில் இத்தாலியத் தபால் துறை கையாண்ட கடிதங்களும் அட்டைகளும் ஏறத்தாழ 400 கோடி. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எழுத்தறியாத நாடு என்பதை மனதில் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பாருங்கள். எழுதத் தெரியாதவன் பக்கத்தில் இருந்தவனிடமோ படைப் பாதிரியாரிடமோ சொல்லி எழுதினான். ஊரில் மனைவிக்குப் படிக்கத் தெரியாது, அவளும் யாரையாவது பிடித்துப் படிக்கச் சொன்னாள். பலர் குழியில் உட்கார்ந்தே எழுத்துப் பழகினார்கள். ஒரு நாட்டின் ஏழைகள் மொத்தமாக எழுத வந்தது அப்போதுதான்.

அந்த எழுத்தைப் பார்த்தால் தெரியும், வாய் பேசுவதைக் கை அப்படியே இழுத்திருக்கும். முற்றுப்புள்ளி இருக்காது. சொல்லை எங்கே பிரிப்பது என்று தெரியாமல் இரண்டு மூன்று சொற்கள் ஒட்டிக் கிடக்கும். முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: நான் நலம், நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்புறம் மாடு கன்று போட்டதா, வைக்கோல் எடுத்தாயிற்றா, குத்தகைக்காரருக்கு என்ன சொன்னீர்கள் என்று பண்ணையம் முழுவதும் வரும். போரைப் பற்றி அரை வரி. தணிக்கைக்காரர் அந்த அரை வரியின் மேல் மை தடவியிருப்பார்.

#5 முத்துநகரான்

எனக்கு இது எல்லாமே புதுசு. கபொரெத்தோவில் என்னதான் நடந்தது என்று யாராவது சுருக்கமாகச் சொல்ல முடியுமா? அந்தப் பெயர் மட்டும் அடிக்கடி கேள்விப்பட்டிருக்கிறேன்.

#6 மலைநாடன்

சொல்கிறேன், முத்துநகரான். அது இன்று ஸ்லோவேனியாவில் கொபாரித் என்ற சின்ன ஊர். 1917 அக்டோபர் 24 விடிகாலை 2 மணிக்கு ஆஸ்திரியர்களும், அவர்களுக்குத் துணையாக வந்த ஜெர்மன் பிரிவுகளும் விஷவாயுக் குண்டுகளோடு தொடங்கினார்கள். பிளெஸ்ஸோ பள்ளத்தாக்கில் இருந்த இத்தாலியர்களின் முகமூடி அந்த வாயுவைத் தாங்கவில்லை. உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தபடியே இறந்து கிடந்தார்கள்.

அதன் பிறகு ஜெர்மானியர்கள் மலை உச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. பள்ளத்தாக்குச் சாலை வழியாகவே நேரே உள்ளே புகுந்து, உச்சியில் இருந்தவர்களின் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டார்கள். இத்தாலியப் பீரங்கிகள் உத்தரவுக்காகக் காத்திருந்து சும்மா இருந்தன. தொலைபேசிக் கம்பிகள் அறுந்து போயிருந்தன. பின்னால் இருப்புப் படை போதவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஆப்பிரிக்காவில் பெயர் வாங்கிய ஜெர்மன் தளபதி ரோமெல் அப்போது ஓர் இளம் அதிகாரி. கையளவு ஆட்களோடு மூன்றே நாளில் மத்தாயூர் சிகரம் வரை போய் ஆயிரக்கணக்கானவர்களைச் சிறைபிடித்தார். ஐந்தாவது நாள், 28-ஆம் தேதி, தலைமையகம் இருந்த ஊதினே நகரமே போய்விட்டது. பின்வாங்கல் 150 கிலோமீட்டர் தள்ளி பியாவே ஆற்றில்தான் நின்றது. 3,000-க்கும் மேல் பீரங்கிகள் போயின.

இதில் நான் வைகைக்கரை பக்கம் வந்துவிடுகிறேன். இது தலைமையின் தோல்வி. படையைத் தாக்குதலுக்கு என்றே முன்னால் குவித்து வைத்துவிட்டு, தற்காப்புக்கு ஆழமே இல்லாமல் விட்டிருந்தார்கள். ஆனால் கதோர்னா 28-ஆம் தேதி வெளியிட்ட அறிக்கையில், இரண்டாம் படையின் பிரிவுகள் கோழைத்தனமாகப் போரிடாமல் பின்வாங்கின, கேவலமாகச் சரணடைந்தன என்று எழுதினார். ஒரு தளபதி தன் படையைப் பற்றி உலகம் முழுவதும் படிக்கும்படி இப்படிச் சொன்னது எனக்குத் தெரிந்து வேறெங்கும் இல்லை. அரசு பதறி அந்த வரிகளை மாற்றப் பார்த்தது, அதற்குள் செய்தி வெளியே போய்விட்டது. நாம் இன்று எதிர்த்துப் பேசும் அந்தக் கேலியின் ஊற்றுக்கண் அந்த அறிக்கைதான்.

நவம்பரில் கதோர்னாவை எடுத்துவிட்டு ஆர்மாந்தோ தியாஸைப் போட்டார்கள். அவர் ரேஷனைக் கூட்டினார், லீவைக் கூட்டினார், சிப்பாய்க்கு இலவச ஆயுள் காப்பீடு வந்தது. கண்மூடித்தனமான தாக்குதல்களை நிறுத்தினார். கூடவே 1899-இல் பிறந்த பதினெட்டு வயதுப் பையன்களும் வந்து சேர்ந்தார்கள். அதே சிப்பாய்கள்தான் பியாவேயிலும் கிராப்பா மலையிலும் அசையாமல் நின்றார்கள். 1918 ஜூனில் ஆற்றைத் தாண்டி வந்த ஆஸ்திரியர்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

#7 வைகைக்கரை

நன்றி மலைநாடன். நீங்கள் விட்ட இடத்திலிருந்தே நான் தொடர்கிறேன். அந்த 3 லட்சம் பேர் பிடிபட்டார்களே, அவர்கள் என்ன ஆனார்கள்? இந்த இழை தொடங்கியதே இதைச் சொல்லத்தான்.

போர் முழுவதிலும் சிறைப்பட்ட இத்தாலியர்கள் 6 லட்சம் பேர். அதில் ஏறத்தாழ 1 லட்சம் பேர் முகாம்களிலேயே இறந்தார்கள். ஆஸ்திரியாவில் மவுதாவுசன், சிக்மண்ட்ஸ்ஹெர்பெர்க், ஜெர்மனியில் செல்லே. பெரும்பாலும் குண்டுக் காயத்தால் அல்ல. பசியால், பசி கொண்டுவந்த காசநோயால், உடம்பு நீர் கோத்து வீங்கி. பிரெஞ்சுக்காரர்களும் ஏறக்குறைய இவ்வளவு பேர் பிடிபட்டார்கள், அவர்களில் இறந்தவர்கள் இதில் ஒரு சிறு பங்குதான்.

காரணம் இதுதான். கடல் முற்றுகையால் ஆஸ்திரியாவிலேயே சோற்றுக்குப் பஞ்சம். சொந்த மக்களுக்கே ரொட்டி இல்லாதவர்கள் கைதிக்கு எங்கே போடுவார்கள்? டர்னிப் கிழங்கு மிதக்கும் தண்ணீரும் கறுப்பு ரொட்டித் துண்டும்தான். அதைத் தெரிந்துகொண்டு பிரான்சும் பிரிட்டனும் அரசுச் செலவிலேயே தங்கள் கைதிகளுக்கு ரொட்டி அனுப்ப ஏற்பாடு செய்தன. ரோம் மறுத்துவிட்டது. கைதியைப் பராமரிப்பது பிடித்தவன் கடமை, சர்வதேசச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்றார்கள். உள்ளே இருந்த கணக்கு வேறு. முகாமில் சாப்பாடு கிடைக்கும் என்று தெரிந்தால் குழியில் இருப்பவனும் கையைத் தூக்கிவிடுவான், ஆகவே சிறை என்றால் பட்டினி என்று படைக்குத் தெரிய வேண்டும். சொன்னினோவும் படைத் தலைமையும் இதில் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை.

அரசு அனுப்பாததால் வீட்டார் அனுப்பினார்கள், செஞ்சிலுவை வழியாக. இதை ஒரு நிமிடம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணவன் பட்டாளத்தில். வீட்டில் ரொட்டிக்கு ரேஷன். அவள் தன் பங்கிலிருந்து மிச்சம் பிடித்துச் சுட்டு, துணியில் சுற்றித் தைத்து, முகாம் எண்ணை யாரிடமாவது சொல்லி எழுதி அனுப்புகிறாள். பார்சல் எல்லையில் வாரக்கணக்கில் கிடக்கிறது. போய்ச் சேரும்போது ரொட்டியில் பச்சைப் பூஞ்சை. அதையும் சுரண்டிவிட்டுத் தின்றார்கள். கபொரெத்தோவுக்குப் பிறகு அந்தப் பார்சலுக்கும் பல மாதம் தடங்கல்கள். சிறைப்பட்டவர்களை "ஆல்ப்ஸுக்கு அந்தப் பக்கம் ஒளிந்துகொண்டவர்கள்" என்று நாட்டுக்குள்ளே தூற்றிக்கொண்டிருந்த சமயம் அது.

1918 நவம்பரில் சண்டை நின்றதும் முகாம்களின் காவல் கலைந்தது. லட்சக்கணக்கானவர்கள் எலும்பும் தோலுமாகத் தெற்கே வந்தார்கள். வந்தவர்களை வீட்டுக்கு விடவில்லை. எமிலியா பக்கம் முகாம் போட்டு அடைத்து, எப்படிப் பிடிபட்டாய், யார் முதலில் கையைத் தூக்கியது என்று விசாரித்தார்கள். வேலியே பயிரை மேய்ந்தது என்பதைத் தவிர இதற்கு எனக்கு வேறு சொல் வரவில்லை.

#8 பழையதபால்

வைகைக்கரை எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. இதோடு சேர வேண்டிய ஒன்று என்னிடம் இருக்கிறது.

கைதிகளின் கடிதங்களை வியன்னாவில் தணிக்கை செய்தவர்களில் ஒருவர் லியோ ஸ்பிட்ஸர். பிற்காலத்தில் மொழியியலில் பெரிய பெயர். பசி என்று எழுதினால் கடிதம் போகாது, இது கைதிகளுக்குத் தெரியும். அதனால் ஊர்ப் பேச்சில் சுற்றி வளைத்து, வீட்டாருக்கு மட்டும் புரியும்படி எழுதினார்கள். நம் இலக்கணத்தில் குழூஉக்குறி என்கிறோமே, அதேதான். ஸ்பிட்ஸர் ஒரு பக்கம் தன் வேலையைச் செய்துகொண்டே, மறுபக்கம் அந்தச் சொற்களை எல்லாம் குறித்து வைத்தார். போர் முடிந்ததும் பசியைச் சொல்ல இத்தாலியர்கள் கையாண்ட மறைமொழிகள் பற்றி மட்டுமே ஒரு முழுப் புத்தகம் போட்டார். ஒரே ஒரு சொல்லைச் சொல்லாமல் சொல்வதற்கு ஒரு புத்தகம் அளவுக்கு வழிகள். அவ்வளவு பசி.

#9 தாமிரா

நான் மனநலப் பிரிவில் செவிலியர். இந்த இழையில் ஒரு கேள்வியை யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன். உடம்பு தப்பி மனம் போனவர்கள்?

இத்தாலியில் போரின்போதும் பிறகும் மனநல விடுதிகளில் சேர்க்கப்பட்ட சிப்பாய்கள் 40,000 பேர் அளவுக்கு இருப்பார்கள். ரெஜ்ஜோ எமிலியாவில் இருந்த சான் லாஸரோ விடுதியில் இதற்கென்றே ராணுவ மையம் அமைத்தார்கள். பேச்சு நின்றுபோனவர்கள், நடை மறந்தவர்கள், கை கால் நடுக்கம் நிற்காதவர்கள், கட்டில் அடியில் போய் ஒடுங்கிக்கொண்டவர்கள். ஊரில் இவர்களுக்கு 'போர்ப் பித்தர்கள்' என்று பெயர்.

எனக்கு வலிப்பது அன்றைய மருத்துவர்கள் பலர் எழுதிய காரணம். போர் இவர்களைக் கெடுக்கவில்லையாம், பரம்பரையிலேயே இருந்த பலவீனம் வெளியே தெரிந்ததாம். நடிக்கிறானா என்று பார்க்க மின்சாரம் பாய்ச்சினார்கள். தேறியவனைத் திரும்பப் போர்முனைக்கு அனுப்பினார்கள், தேறாதவனை அங்கேயே விட்டார்கள். பரம்பரை நோய் என்று எழுதிவிட்டால் ஓய்வூதியமும் தர வேண்டியதில்லை. என் பிரிவிலும் "இவங்க குடும்பத்துலயே அப்படித்தான்" என்று நோயாளியின் முன்னாலேயே சொல்லும் உறவினர்களைப் பார்க்கிறேன். அந்த ஒரு வரி ஒரு மனிதனை எப்படிச் சுருக்கிவிடும் என்று எனக்குத் தெரியும்.

#10 செங்காந்தள்

நான் ஆராய்ச்சிப் படிப்புக்காக ட்ரியெஸ்தேயில் இரண்டு வருடம் இருந்தேன். இங்கே சொல்லப்பட்ட இடங்களில் சிலவற்றுக்கு நடந்தே போயிருக்கிறேன்.

இந்தப் போரில் இறந்த இத்தாலியச் சிப்பாய்களுக்கான ரெதிபூல்யா நினைவிடத்தை முசோலினி 1938-இல் திறந்து வைத்தார். மலைச்சரிவு முழுக்க 22 பிரம்மாண்டமான படிகள். 1,00,187 பேர் அதற்குள். பெயர் தெரிந்தவர்கள் ஏறக்குறைய 40,000. மீதி 60,000 பேருக்குப் பெயரே இல்லை. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் 'இருக்கிறேன்' என்று பொருள்படும் ஒரே சொல் வரிசையாகப் பொறித்திருக்கிறது, வகுப்பில் பெயர் கூப்பிடும்போது சொல்வோமே, அது போல. கீழே நின்று பார்த்தால் தனி மனிதன் யாருமே தெரியமாட்டான், அணிவகுப்புதான் தெரியும்.

சாலைக்கு எதிர்ப்புறம் சாந்த் எலியா என்ற சின்னக் குன்று. முதலில் இருந்த கல்லறை அங்கேதான். அப்போது கையில் கிடைத்ததை வைத்தே கல்லறை அடையாளம் வைத்திருந்தார்கள்: தண்ணீர்க் குப்பி, முள்கம்பி, சாப்பாட்டுத் தட்டு. அவற்றின் மாதிரிகள் இப்போதும் குன்றின் மேல் பாதையோரம் இருக்கின்றன. எனக்கு அழுகை வந்தது அங்கேதான், 22 படிகளின் முன்னால் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ட்ரியெஸ்தே அன்றைக்கு ஆஸ்திரியாவில் இருந்தது. அந்த ஊர்ப் பையன்கள் 1914-லேயே ஆஸ்திரியச் சீருடையில் ரஷ்யாவுக்கு எதிராகக் கலீசியாவுக்குப் போய்விட்டார்கள். திரெந்தினோவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 60,000 பேர், 11,000-க்கும் மேல் திரும்பவில்லை. இவர்களும் இத்தாலிய மொழி பேசியவர்கள்தான். போர் முடிந்து இவர்கள் ஊர் இத்தாலியோடு சேர்ந்ததும், தோற்ற பக்கத்துச் சிப்பாய் ஆகிவிட்டார்கள். வீட்டுச் சுவரில் படம் மாட்டக்கூடத் தயங்கிய குடும்பங்கள் உண்டு. எல்லையோரக் கிராமங்களில் இருந்த பெண்களையும் குழந்தைகளையும் ஆஸ்திரிய அரசு ரயிலில் ஏற்றி, மிட்டெர்ன்டோர்ஃப், வாக்னா போன்ற மரக்கொட்டகை முகாம்களில் விட்டது. அங்கே குழந்தைகள் கொத்துக் கொத்தாக இறந்தன.

#11 தாமிரா

செங்காந்தள் அக்கா, பெண்களைப் பற்றி இன்னும் எழுதுங்களேன். இந்த இழையில் அவர்கள் பார்சல் அனுப்பியதோடு நின்றுவிட்டார்கள்.

#12 செங்காந்தள்

சரி தாமிரா. கார்னியா மலைப் பெண்களைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே மேலே போர்முனைக்குச் சாலை கிடையாது, கழுதைப் பாதையும் பாதியில் நின்றுவிடும். ஆண்கள் எல்லாரும் பட்டாளத்தில். அதனால் ராணுவம் ஊர்ப் பெண்களிடம் கேட்டது. வைக்கோலும் விறகும் சுமக்க அவர்கள் முதுகில் மாட்டும் கூடை ஒன்று உண்டு, கெர்லா என்பார்கள். அதில் 30, 40 கிலோ வரை தோட்டா, ரொட்டி, மருந்து ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே கிளம்புவார்கள். காலில் துணியைப் பல மடிப்பாகத் தைத்த செருப்பு. கையில் எண் போட்ட சிவப்புப் பட்டை. பனியில் மணிக்கணக்கில் ஏற வேண்டும். ஏறும்போதே கை சும்மா இருக்காது, காலுறை பின்னிக்கொண்டே போவார்கள். இறங்கும்போது அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒரு நடைக்கு ஒன்றரை லீரா. பதினைந்து வயதுப் பெண்ணும் உண்டு, அறுபது வயதுப் பாட்டியும் உண்டு.

திமாவு ஊரைச் சேர்ந்த மரியா பிளோஸ்னர் மென்டில் 1916 பிப்ரவரியில் சுமையை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தபோது குறிபார்த்துச் சுட்ட குண்டு பட்டு இறந்தார். வயது 32, நாலு குழந்தைகள், கணவர் வேறொரு முனையில். அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது 1997-இல்.

சமவெளியில் வேறு துயரம். கபொரெத்தோவுக்குப் பிறகு பிரியூலியும் வெனெத்தோவின் ஒரு பகுதியும் ஒரு வருடம் எதிரி கையில் இருந்தன. ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். தங்கிவிட்ட பெண்களில் பலர் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அப்படிப் பிறந்த குழந்தைகளைத் திரும்பி வந்த கணவர்கள் ஏற்கவில்லை. அந்தக் குழந்தைகளுக்காகவே போர்த்தொக்ருவாரோ என்ற ஊரில் செல்சோ கொஸ்தான்தீனி என்ற குருவானவர் 1918 கடைசியில் ஓர் இல்லம் தொடங்கினார்.

டூரின் நகரப் பெண்களையும் விடக்கூடாது. 1917 ஆகஸ்டில் கடைகளில் ரொட்டி தீர்ந்தது. ரொட்டிக்கு வரிசையில் நின்ற பெண்கள் தொடங்கியதுதான், பிறகு ஆலைத் தொழிலாளர்கள் சேர்ந்துகொண்டார்கள். ராணுவம் இயந்திரத் துப்பாக்கியோடு வந்தது. ஏறத்தாழ 50 பேர் இறந்தார்கள். அதே மாதம் முதல் தேதிதான் போப் பதினைந்தாம் பெனடிக்ட் இந்தப் போரைப் பயனற்ற படுகொலை என்று சொல்லியிருந்தார்.

#13 முத்துநகரான்

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்தேன். ஒரு கேள்வி. இவ்வளவு வதைபட்ட சிப்பாய்கள் திரும்பி வந்து நான்கே வருடத்தில் முசோலினியை எப்படி ஏற்றுக்கொண்டார்கள்?

#14 வைகைக்கரை

சிப்பாய்கள் எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை, முத்துநகரான். 1919 நவம்பர் தேர்தலில் முசோலினி கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. போரை எதிர்த்த சோஷலிஸ்டுகளுக்கு 156 இடங்கள். சிறப்புத் தாக்குதல் படையில் இருந்தவர்களில் ஒரு பகுதி முசோலினியின் கருஞ்சட்டைப் படையோடு சேர்ந்தது உண்மை. இன்னொரு பகுதி 1922 ஆகஸ்டில் பார்மா நகரத் தெருக்களில் அதே கருஞ்சட்டைகளை எதிர்த்து நின்றது.

என் கணிப்பு இது. கபொரெத்தோவுக்குப் பிறகு படையைப் பிடித்து நிறுத்த, போர் முடிந்தால் விவசாயிக்கு நிலம் என்று வாக்குக் கொடுத்தார்கள். பெரும்பாலோருக்கு வரவில்லை. திரும்பியவர்கள் 1919-இல் ரோமைச் சுற்றியிருந்த பெரும் பண்ணைகளில் கொடி நட்டு உழ ஆரம்பித்தார்கள். நிலக்காரர்கள் மிரண்டுபோய் அடியாள் தேடினார்கள், கருஞ்சட்டைகள் கிடைத்தார்கள். மறுபுறம் டால்மேஷியா கிடைக்காததை வைத்து "ஊனமாக்கப்பட்ட வெற்றி" என்று கவிஞர் டனுன்சியோ முழங்கினார். 6 லட்சத்துக்கும் மேல் இறந்து, அதற்கு ஈடாக எதுவும் வீடு வந்து சேராத ஒரு நாட்டில், இன்னார்தான் உன்னை ஏமாற்றினார்கள் என்று சொல்பவனுக்குக் கூட்டம் கூடும்.

துக்கத்தையும் கருஞ்சட்டைகளே எடுத்துக்கொண்டார்கள். 1921 அக்டோபர் 28-இல் அக்விலேயா ஆலயத்தில் பெயர் தெரியாத 11 சடலப்பெட்டிகளை வரிசையாக வைத்து, பெயர் தெரியாத சிப்பாய்களின் நினைவாக ரோமில் அடக்கம் செய்ய ஒன்றைத் தேர்ந்தெடுக்க மரியா பெர்காமஸ் என்ற தாயை அரசு அழைத்தது. மகன் ஆஸ்திரியப் படையிலிருந்து தப்பி வந்து இத்தாலிக்காகப் போரிட்டு இறந்தவன், உடல் கிடைக்கவில்லை. வரிசையில் நடந்தவர் கடைசிக்கு முந்தைய பெட்டிக்கு முன்னால் மகன் பெயரைக் கூவி விழுந்துவிட்டார். அந்தப் பெட்டி ரயிலில் மெல்ல ரோமுக்குப் போனது. வழிநெடுக மக்கள் தண்டவாளத்தின் ஓரம் மண்டியிட்டார்கள். அப்போது அது எல்லாருடைய துக்கமாகவும் இருந்தது. சரியாக ஒரு வருடம் கழித்து, 1922-இல், அதே அக்டோபர் 28-இல் முசோலினியின் ஆட்கள் ரோம் நோக்கிப் புறப்பட்டார்கள்.

#15 மலைநாடன்

கோழை என்ற சொல்லை இனி நான் எங்கே பார்த்தாலும் இந்த இழையைத்தான் காட்டுவேன். ஒரு சந்தேகம் மட்டும். சுடப்பட்ட அந்த 750 பேருக்குப் பிறகாவது ஏதாவது செய்தார்களா? பிரிட்டன் 2006-இல் தன் ஆட்களுக்கு மன்னிப்பு கொடுத்தது.

#16 செங்காந்தள்

இதற்கு நான் பதில் சொல்கிறேன், அந்த ஊருக்குப் போயிருக்கிறேன்.

கார்னியாவில் செர்ச்சிவெந்தோ என்று ஒரு கிராமம். 1916 ஜூனில் அங்கிருந்த ஆல்ப்ஸ் படைக் கம்பெனியிடம், பட்டப்பகலில் செல்லோன் சிகரத்தின் மேல் ஏறித் தாக்கச் சொன்னார்கள். பலர் உள்ளூர்க்காரர்கள், மலை தெரிந்தவர்கள். இருட்டும்வரை பொறுக்கலாம், பீரங்கித் துணை வேண்டும் என்றார்கள். அதைக் கலகம் என்று எடுத்துக்கொண்டார்கள். விசாரணை அந்த ஊர்த் தேவாலயத்துக்குள்ளேயே நடந்தது. ஜூலை 1 விடியற்காலையில் நாலு பேரைக் கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் வைத்துச் சுட்டார்கள்.

பல பத்தாண்டுகள் கழித்து அந்த நால்வரில் ஒருவரின் உறவினர், அவர் பெயரைக் களங்கத்திலிருந்து மீட்க வேண்டும் என்று ராணுவ நீதிமன்றத்தில் விண்ணப்பித்தார். தண்டிக்கப்பட்டவரே நேரில் விண்ணப்பிக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிரியூலி வட்டாரச் சபை 2021-இல்தான் தன் மண்ணைச் சேர்ந்த இப்படிப்பட்டவர்களின் மானத்தைத் திருப்பிக் கொடுக்கச் சட்டம் போட்டது. ஊர்க்காரர்கள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. 1990-களிலேயே சுட்ட இடத்தில் ஒரு நினைவுக்கல் நட்டுவிட்டார்கள்.

#17 வைகைக்கரை

அந்தக் கல்லின் படம் இருந்தால் இங்கே போடுங்கள் அக்கா.

#18 செங்காந்தள்

பழைய கைப்பேசியில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போடுகிறேன். நான் போனது மார்ச்சில், சுற்றிலும் இன்னும் பனி கிடந்தது. கல்லைச் சுற்றி மட்டும் யாரோ பனியை ஒதுக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.